கலந்துபேச அவகாசமின்றி

ஓடைக்கரை மத்தியச் சிறையில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஒரே ஒரு வாய்தான் பேசலாம். மற்றவர்களின் வாய் எல்லாம் சோறு தின்னவும் மூச்சு விடவும் மட்டும்தான்.

அந்த விளக்கை மனிதர் யாரும் போடுவதில்லை. கண்காணிப்பாளர் அறைச் சுவரில் பதித்திருந்த கறுப்புப் பெட்டிதான் போடும். அரசாங்கக் காகிதங்களில் அதற்கு 'முடிவுமுறை வழிகாட்டி' என்று பெயர். காவலர்கள் வைத்த பெயர் அம்பயர். ஆட்டத்தில் சேராது, ஓடாது, வியர்க்காது, ஆனால் அது விரலைத் தூக்கினால் தூக்கியதுதான்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இரண்டு சிறைகளில் இரண்டு கோரங்கள் நடந்தன. ஒன்றில் நெசவுக்கூடம் தீப்பிடித்தது. கதவைத் திறந்தால் யார் பொறுப்பு என்று ஐந்து அதிகாரிகள் வராந்தாவில் நின்று கூடிப் பேசினார்கள். பேசி முடிப்பதற்குள் பதினோரு பேர் கரிக்கட்டை ஆனார்கள். இன்னொன்றில் காய்ச்சல் கண்ட கைதிகள் கூச்சல் போட்டார்கள். பக்கத்திலேயே நின்ற டாக்டரை ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு அதிகாரி சுடச் சொன்னார். ஆறு பேர் செத்தார்கள். விசாரித்த குழு நீளமாக எழுதிக்கொடுத்ததன் சாரம் இதுதான்: ஆணையிட வேண்டிய இடத்தில் கூட்டம் போட்டிருக்கிறார்கள், கூட்டம் போட வேண்டிய இடத்தில் ஆணையிட்டிருக்கிறார்கள். எந்த நேரத்தில் எப்படி முடிவெடுப்பது என்பதே நம் ஆட்களுக்குத் தெரியவில்லை.

அதற்காக வந்ததுதான் அம்பயர். கேமராக்களின் வழியே பார்க்கும், மைக்குகளின் வழியே கேட்கும், பழைய சம்பவங்களோடு ஒப்பிட்டு ஒரு நிறத்தைக் காட்டும். பச்சை என்றால் எல்லோரும் உட்கார்ந்து பேசி எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் முரண்டு பிடித்தாலும் முடிவு கிடையாது. மஞ்சள் என்றால் கண்காணிப்பாளர் நாலு பேரைக் கேட்டுவிட்டுத் தானே முடிவெடுக்கலாம். சிவப்பு என்றால் கண்காணிப்பாளர் மட்டும்தான். ஏழு நிமிடத்துக்குள் அவர் வாய் திறக்க வேண்டும், தவறினால் அதிகாரம் அடுத்த படியில் இருப்பவருக்குப் போய்விடும். துப்பாக்கிகளின் பூட்டு சிவப்பில் மட்டுமே திறக்கும். காவலர்களின் தலைக்கவசத்தில் காதுகள் அடைத்துக்கொள்ளும். வெளிச்சத்தம் எதுவும் உள்ளே வராது, கண்காணிப்பாளரின் குரல் மட்டும் வரும். நடுவில் எவனாவது கத்திக் காரியத்தைக் கெடுத்துவிடக் கூடாதென்று செய்த ஏற்பாடு.

தலைமைக் காவலர் சேர்மக்கனிக்கு அம்பயரைப் பிடிக்கும். வெள்ளம் புகுந்த வருஷம் சிவப்பு காட்டியது, எண்ணூறு பேரையும் ஒரே மணி நேரத்தில் மாடியேற்றினார்கள். காலைச் சாப்பாட்டை மாற்றுவது பற்றிப் பச்சை காட்டியது, இரண்டு நாள் சண்டை போட்டுக்கொண்டு கடைசியில் எல்லோருக்கும் ஒத்த ஒரு முடிவுக்கு வந்தார்கள். அம்மை போட்டபோது மஞ்சள். ஒன்றில்கூடத் தப்பு இல்லை.

அம்பயர் வருவதற்கு முன்னால் பதினேழு வருஷம் அவர் அங்கே ரைட்டர். நடந்ததை எழுதுபவர் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். நடந்திருக்க வேண்டியதை எழுதுபவர் என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும். சேர்மக்கனி எழுதிய அறிக்கையை எந்த நீதிபதியும் திருப்பி அனுப்பியதில்லை. அவ்வளவு கட்டுமானமான கை. மற்ற ஊர்ச் சிறைகளின் ரைட்டர்கள் அவருடைய அறிக்கைகளை நகல் எடுத்து வைத்துக்கொண்டு, பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றி எழுதுவார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்த வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அருளப்பன் என்ற கைதி செத்துப்போனான். அவன் பாயில் ஒரு செல்போன் கிடைத்ததாம். ஜெயிலர் மகுடேஸ்வரனின் அறையில் மூன்று காவலர்கள் அவனை அடித்தார்கள். பாதத்தில் ஆரம்பித்து முதுகுக்குப் போய், அவன் ஒரு தடவை திருப்பிக் கையை ஓங்கியதும் தலைக்குப் போனார்கள். காது வழியே ரத்தம் வந்த பிறகுதான் நிறுத்தினார்கள். இதற்கெல்லாம் அம்பயர் எந்த நிறமும் காட்டாது. அடிப்பதற்கு முடிவு எதுவும் எடுக்க வேண்டியதில்லை, அது பழக்கம்.

பத்தரை மணிக்குச் செய்தி சமையல்கட்டுக்குப் போனது. அங்கே வேலை பார்த்த கைதிகள் கரண்டிகளைக் கீழே போட்டார்கள். காவலுக்கு நின்ற சின்னக் காவலரைச் சுற்றி வளைத்துக் கையைக் கட்டினார்கள். பொன்னிலிங்கம் என்ற அந்தக் காவலர் சேர்மக்கனியின் அக்காள் வள்ளிக்கண்ணுவின் ஒரே மகன். இருபத்தாறு வயது. வேலையில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. வேண்டாம் என்ற அக்காளிடம், "நான் இருக்கேன்ல, எம் பொறுப்பு" என்று சொல்லி இந்தச் சிறைக்கே கேட்டு வாங்கியது சேர்மக்கனிதான்.

பதினோரு மணிக்கு அவர் சமையல்கட்டு முற்றத்தின் கம்பிக்கதவு முன்னால் போய் நின்றார். உள்ளே எண்பது கைதிகள் வரிசை வரிசையாகத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. முன்னால் வந்து நின்றவன் சுடலைமுத்து. அவனுடைய இடது கை முழங்கைக்குக் கீழே கோணிக்கொண்டு வெளிப்பக்கம் பார்க்கும்.

"வாங்க ரைட்டரய்யா. நீங்கதான் வருவியன்னு தெரியும்."

"பையன் எங்கல?"

"உள்ள இருக்கான். ரெண்டு மூணு பயலுவ ஆத்திரத்துல அவன் மேல கைய வச்சிட்டானுவ. நாந்தான் வெலக்கி விட்டேன். உதடு கிழிஞ்சிருக்கு, வேற ஒண்ணுமில்ல."

"அவன விட்டுரு. மத்தத பேசிக்கிடலாம்."

"பேசத்தான் உக்காந்திருக்கோம். மாஜிஸ்ட்ரேட் வரட்டும். அருளப்பன் உடம்ப அவரு கண்ணால பாக்கட்டும். அதுவரைக்கும் உடம்ப யாரும் எடுக்கக் கூடாது. பாத்துட்டாருன்னா உங்க மருமவன ஒரு கீறல் இல்லாம அனுப்பி வைக்கோம்."

"கோர்ட்டு முடிஞ்சு அவரு வர மூணு மணி ஆவும்."

"ஆவட்டும். நாலு மணி நேரம் இருக்கு. எங்களுக்கு என்ன அவசரம்? நேரந்தான் எங்க சொத்து." சுடலைமுத்து சிரித்தான். பிறகு கோணல் கையைக் கம்பிக்கு அருகில் கொண்டுவந்தான். "இந்தக் கை உங்க அறிக்கையில எப்படி ஒடிஞ்சுது ரைட்டரய்யா? படிக்கட்டுல விழுந்ததாத்தான?"

சேர்மக்கனி கண்ணை முற்றத்துப் பக்கம் திருப்பினார். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் இதே முற்றத்தில் இருபத்தாறு பேர் புழு நெளிந்த சோற்றை முன்னால் வைத்துக்கொண்டு இப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள். காவலர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு அரை மணி நேரம் அடித்தார்கள். எலும்பு முறிகிற சத்தம் பச்சை விறகு முறிகிற மாதிரி கேட்டது. சுடலைமுத்துவின் கையைப் படிக்கட்டில் வைத்து மிதித்தது சேர்மக்கனியின் பூட்ஸ்தான். அன்றைக்கு இரண்டு பேர் செத்தார்கள். சாயங்காலம் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்து, ஒரே மூச்சில் நாலு பக்க அறிக்கை எழுதினார்.

"மூணு மணி வரைக்கும் பொறுத்துக்க. நான் கண்காணிப்பாளர் அம்மாகிட்ட பேசுதேன்," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். நடக்கும்போதே வள்ளிக்கண்ணு போனில் கூப்பிட்டாள்.

"எலே கனி, ஏதோ கலாட்டான்னு டிவியில ஓடுது. புள்ள எங்க?"

"இங்கதான் இருக்கான்க்கா. வேலையா இருக்கான். சாயங்காலம் வந்துருவான்."

கண்காணிப்பாளர் தில்லைநாயகி நியாயமான மனுஷி. கைதிகளை வாங்க போங்க என்று பேசுகிற ஒரே அதிகாரி. சேர்மக்கனி சொன்னதைக் கேட்டதும் அவர் முகத்தில் கொஞ்சம் ரத்தம் திரும்பியது. மாஜிஸ்ட்ரேட்டுக்குப் பேசுவதற்காகப் போனைக் கையில் எடுத்தார்.

அந்த நேரம் பார்த்து விளக்கு சிவந்தது.

வாசல் பக்கமிருந்து 'க்ளக்' 'க்ளக்' என்று துப்பாக்கிப் பூட்டுகள் வரிசையாகத் திறக்கும் சத்தம் கேட்டது. சுவரில் ஏழு நிமிடக் கடிகாரம் ஓட ஆரம்பித்தது. தில்லைநாயகி போனை மேசைமேல் வைத்தார். ஜெயிலர் மகுடேஸ்வரன் மீசையைத் தடவிக்கொண்டு எழுந்து நின்றார். ஏழு நிமிடம் தாண்டினால் அதிகாரம் அவருடையது. தன் அறையில் செத்தவனை யாரும் வந்து பார்ப்பதில் அவருக்கு அவ்வளவு விருப்பம் இருக்க முடியாது.

சிவப்பில் வேறு யாரும் யோசனை சொல்லக் கூடாது. சொன்னால் ஒழுங்கு நடவடிக்கை. சேர்மக்கனி அறையின் ஓரத்துக்கு நகர்ந்தார். அங்கே அம்பயரைப் பராமரிக்கும் இன்ஜினியர் ஆயிஷா பர்வீன் திரையைப் பார்த்தபடி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் சிறை ஆள் இல்லை, கம்பெனி ஆள்.

"ஏம்மா, சும்மாதான உக்காந்திருக்கானுவ? இதுக்கு எதுக்கு செவப்பு?" என்று காதோடு கேட்டார்.

"அதான் எனக்கும் புரியல சார். கல்லு வீசி, கத்தி எடுத்தாக்கூட இது மஞ்சள்ல இருந்து ஆரம்பிக்கும். ஆனா ஆளுங்க வரிசையா உக்காந்து, பேசாம, எந்திரிக்க மாட்டேன்னு சொன்னா நேரா சிவப்புக்குப் போகுது." அவள் எதையோ தட்டினாள். "எதை வச்சுச் சொல்லுதுன்னு எடுத்துப் பாக்குறேன். இதுக்கு நாற்பது வருஷ சிறை அறிக்கைகளைப் படிக்கக் குடுத்தோம் சார். எதுல நேரம் இருந்துச்சு, எதுல இல்லைன்னு அதுல இருந்துதான் கத்துக்கிச்சு. இதோ வருது."

திரையில் ஒரு வாக்கியம் வந்தது. அதற்குக் கீழே இன்னொன்று. பிறகு வரிசையாக ஓடிக்கொண்டே இருந்தது.

'கைதிகள் சட்டவிரோதமாகத் தரையில் குழுமி அமர்ந்து, கலைய மறுத்து, நொடிப்பொழுதில் தாக்க ஆயத்தமாயிருந்தபடியால், கலந்துபேச அவகாசமின்றி, குறைந்தபட்ச பலம் பிரயோகிக்கப்பட்டது.'

சேர்மக்கனிக்குப் படித்ததுமே தெரிந்தது. அது அவருடைய வாக்கியம். உட்கார்ந்திருந்தவர்களை அடித்த ஒவ்வொரு தடவையும், ஏன் பேசிப் பார்க்கவில்லை என்று நீதிபதி கேட்பார் என்பதற்காக அவர் செதுக்கி வைத்த வாக்கியம். கல் வீசியவர்களைப் பற்றி எழுதும்போது அது தேவைப்பட்டதில்லை. அங்கே நடந்ததை நடந்தபடி எழுதினாலே போதும். சும்மா உட்கார்ந்திருந்தவர்களை அடித்ததற்குத்தான் காரணம் வேண்டியிருந்தது.

"மூவாயிரத்துச் சொச்சம் அறிக்கை சார். பல ஊரு, பல வருஷம். ஒரே வரி, எழுத்துப் பிசகாம," என்றாள் ஆயிஷா. "ஆளுங்க பேசாம உக்காந்தா ஒரு நொடிகூட நேரம் இல்லைன்னு இது நம்புது. மூவாயிரம் தடவை சொல்லிக் குடுத்திருக்காங்களே."

"இத மாத்த முடியாதா?"

"என்னால முடியாது. எழுதினவங்களே வந்து அது உண்மையில்லைன்னு கைரேகை வச்சுச் சொன்னா முடியும். முதல்ல எழுதினது யாருன்னு இது கண்டுபிடிச்சு வச்சிருக்கும், அதை வாபஸ் வாங்கினா அதைப் பாத்து எழுதினது எல்லாம் விழுந்துடும். திரும்பக் கணக்குப் போட ரெண்டு நிமிஷம் போதும்." அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு நிமிடம் பத்து விநாடி மிச்சம் இருந்தது. "ஆனா அந்த ஆளு இப்ப எங்க இருக்காரோ, உயிரோட இருக்காரோ."

அந்த ஆள் அவளுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

கட்டைவிரலை வைத்தால் பதினான்கு வருஷத்துக்கு முந்திய அந்த அறிக்கையும் விழும். இரண்டு சாவும் கொலை ஆகும். பென்ஷனுக்கு ஒரு வருஷம் மூன்று மாதம் இருக்கிறது. எந்தக் கம்பிக்கு வெளியே முப்பது வருஷம் நின்றாரோ அதற்கு உள்ளே போக வேண்டும், சுடலைமுத்துவுக்குப் பக்கத்தில். சேர்மக்கனி பயந்தார். வெட்கமில்லாமல், உள்ளங்கால் வரைக்கும் பயந்தார். அந்தப் பயத்துக்கு உடனே ஒரு நல்ல சட்டையையும் மாட்டிவிட்டார். பையன் உள்ளே சமையல்கட்டில்தானே இருக்கிறான், சட்டென்று புகுந்தால் அவனை மீட்டுவிடலாம், மூணு மணி வரை விட்டால்தான் ஆபத்து, சிவப்புதான் சரி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எழுதிப் பழகிய மனசு, காரணத்துக்கா பஞ்சம்?

தில்லைநாயகியின் நெற்றி வியர்த்திருந்தது. முன்னால் இருந்த திரையில் அம்பயர் மூன்று யோசனைகளைக் காட்டியது: தடியடி, புகை, துப்பாக்கி. ஒரு நிமிடம் மிச்சம் இருந்தபோது மகுடேஸ்வரன் தன் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டார். அதைப் பார்த்ததும் தில்லைநாயகி கண்ணை மூடினார்.

"உள்ள போங்க. எந்திரிச்சு எதிர்த்து வந்தா மட்டும் சுடுங்க," என்றார்.

சேர்மக்கனி தலைக்கவசத்தை மாட்டினார். காதுகள் அடைத்துக்கொண்டன. உலகமே சட்டென்று ஊமையாகிப்போனது.

கம்பிக்கதவு திறந்தது. முப்பது காவலர்கள் ஓடினார்கள். முதல் வரிசையில் இருந்தவர்கள் தலைமேல் கை வைத்துக் குனிந்தார்கள். தடிகள் அந்தக் கைகளின் மேலேயே இறங்கின. ஒரு கிழவரின் விரல்கள் தலையோடு சேர்ந்து நசுங்கின. ஒருவன் வாயில் தடியின் நுனி போய்ப் பல்லோடு வெளியே வந்தது. எதிலும் சத்தமே இல்லை. வாய்கள் திறந்தன, மூடின, ரத்தம் தெறித்தது, தரையில் கொட்டிக் கிடந்த சாம்பாரும் ரத்தமும் கலந்து காலை வழுக்கின. இரண்டாவது வரிசையில் ஒருவன் அடி தாங்காமல் எழுந்து ஓடப்பார்த்தான். எழுந்துவிட்டானே! மகுடேஸ்வரன் சுட்டார். அவனுடைய கழுத்து பிய்ந்தது. அதைப் பார்த்து மற்றவர்கள் எழுந்தார்கள். அதன்பிறகு எல்லோரும் சுட்டார்கள்.

மூன்றாவது வரிசையிலிருந்து சுடலைமுத்து எழுந்தான். கோணல் கையைத் தூக்கிக்கொண்டு நேராகச் சேர்மக்கனியைப் பார்த்து வந்தான். வாய் பெரிதாகத் திறந்து எதையோ கத்தியது. பின்பக்கமாகக் கையை நீட்டி நீட்டிக் காட்டினான். சேர்மக்கனியின் கண்ணுக்கு அந்தக் கை மட்டும்தான் தெரிந்தது. பதினான்கு வருஷத்துக் கணக்கைத் தீர்க்க வருகிறது என்றுதான் அவருக்குத் தோன்றியது. நெஞ்சுக்கு நேராக இரண்டு தடவை சுட்டார். சுடலைமுத்து பின்னால் சாய்ந்து, தன் பின்னால் குனிந்திருந்த ஒரு கைதியின் மேல் மல்லாந்து விழுந்தான்.

நாலு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. காதுகள் திறந்துகொண்டன. முனகல் சத்தம் பெருக்கெடுத்தது.

சேர்மக்கனி சமையல்கட்டுக்குள் ஓடினார். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, ஆள் இல்லை. "பொன்னு! ஏ பொன்னு!" என்று கத்திக்கொண்டு ஸ்டோர் ரூமைத் திறந்தார். ஒரு மூலையில் காக்கிச் சட்டை ஒன்று மடித்து வைத்திருந்தது. காலர் பக்கம் கொஞ்சம் ரத்தம்.

காலில் அடிபட்டுத் தூணோரம் கிடந்த சமையல்காரக் கைதி ஒருவன் அவரைப் பார்த்துக் காறித் துப்பினான். "இங்க என்னத்தத் தேடுத? எங்க பயலுவ மறுபடி அவன் மேல கைய வச்சிரக் கூடாதேன்னு சுடல அண்ணந்தான் நம்ம வெள்ளச் சட்டைய மாட்டிவிட்டுத் தம் பின்னாலயே உக்காத்தி வச்சிருந்தாரு. சுடாதீய, உங்க மருமவன் இங்க இருக்கான்னு எம்புட்டுக் கத்துனாரு. உனக்குக் காது இல்ல?"

சேர்மக்கனி முற்றத்துக்குத் திரும்பி வந்தார். சுடலைமுத்துவைப் புரட்டினார். அடியில் வெள்ளைச் சட்டையில் பொன்னிலிங்கம் கிடந்தான். கிழிந்த உதட்டில் யாரோ மஞ்சள் தூள் வைத்திருந்தார்கள். ஒரே குண்டு, ஒருவனுக்குள் புகுந்து அடுத்தவனுக்குள் போய் நின்றிருந்தது.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கண்காணிப்பாளர் அறையில் கூடினார்கள். தில்லைநாயகி, மகுடேஸ்வரன், இரண்டு உதவி ஜெயிலர்கள், சேர்மக்கனி. வாசலில் துப்பாக்கியோடு நாலு காவலர்கள். மூலையில் ஆயிஷா, அழுது வீங்கிய முகத்தோடு. செய்தி கேட்டு மாஜிஸ்ட்ரேட் மூன்று மணிக்கு வந்துவிட்டார். வெளியே காத்திருந்தார். அறிக்கை கேட்டார்.

செத்தவர்கள் பத்தொன்பது பேர், பொன்னிலிங்கத்தையும் சேர்த்து. அறிக்கையை எப்படி எழுதுவது என்று அம்பயரிடம் கேட்டார்கள். அது பச்சை காட்டியது. அவசரம் ஒன்றும் இல்லையாம், எல்லோரும் கூடிப் பேசி ஒத்துக்கொள்ள வேண்டுமாம்.

பேசினார்கள். மகுடேஸ்வரன்தான் பேசினார். "கைதிங்க பொன்னிலிங்கத்தக் கொன்னுட்டாங்க. அதுக்கப்புறந்தான் நாம உள்ள போனோம். அவ்வளவுதான் விஷயம். சேர்மக்கனி, உங்க கையாலயே எழுதிருங்க. உங்கள மாதிரி எழுத ஆளு கிடையாது. பையன் வீரமரணம் ஆயிருவான். உங்க அக்காவுக்கும் மரியாதை. எந்தத் துப்பாக்கியில இருந்து எந்தக் குண்டு போச்சுன்னு துப்பாக்கியே பதிஞ்சு வச்சிருக்குங்கறது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அது நமக்குள்ள இருக்கட்டும்."

நாலு பேர் கைரேகை வைத்தார்கள். தில்லைநாயகி கடைசியாக வைத்தார், யாரையும் பார்க்காமல். எல்லோரும் சேர்மக்கனியைப் பார்த்தார்கள். அவர் முன்னால் வெள்ளைத் தாளும் பேனாவும் இருந்தன. கை தானாகவே பேனாவை எடுத்தது, தானாகவே ஆரம்பித்தது. 'கைதிகள் சட்டவிரோதமாகத் தரையில் குழுமி அமர்ந்து' வரைக்கும் அழகாக எழுதியது.

சேர்மக்கனி பேனாவைக் கீழே வைத்தார்.

"நான் ஒத்துக்கிடல."

"என்னது?"

அவர் நாற்காலியை விட்டு எழுந்து, அறையின் நடுவில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மகுடேஸ்வரன் எழுந்திருக்கச் சொன்னார், பிறகு கெஞ்சினார், பிறகு அம்மாவையும் அக்காவையும் சேர்த்துத் திட்டினார். சேர்மக்கனி வாயைத் திறக்கவில்லை. தரையில் உட்கார்ந்து, பேசாமல், எழ மறுக்கும் மனிதன். சுவரில் இருந்த பெட்டிக்கு இந்தக் காட்சி நன்றாகத் தெரியும்.

விளக்கு பச்சையிலிருந்து சிவப்புக்குத் தாவியது.

வாசலில் நாலு பூட்டுகள் 'க்ளக்' என்று திறந்தன. ஏழு நிமிடக் கடிகாரம் ஓட ஆரம்பித்தது. மகுடேஸ்வரன் ஒரு காவலரின் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கினார்.

"அம்மா, ஆர்டர் குடுங்க. இல்லன்னா ஏழு நிமிஷம் பொறுங்க, நான் பாத்துக்கறேன்."

தில்லைநாயகி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தடியடி, புகை, துப்பாக்கி. சிவப்பில் வேறு வாய் பேசக் கூடாது. சேர்மக்கனி பேசினார்.

"அம்மா, அது உங்கள ஒத்தையா முடிவெடுக்கச் சொல்லுது. அம்புட்டுதான். திரையில காட்டுறது வெறும் யோசன. சுடச் சொல்லல. மத்தியானமும் சுடச் சொல்லல. மாஜிஸ்ட்ரேட்டுக்கு போன் போடுன்னு ஒரு வார்த்த நீங்க சொல்லியிருந்தா நாங்க முப்பது பேரும் கேட்டிருப்போம். செவப்பப் பாத்ததும் நீங்களும் நானும் ரத்தம்னு நெனச்சிட்டோம். எனக்காவது அது பொய்ன்னு தெரியும். அந்தப் பொய்ய எழுதுனவன் நான்."

ஆயிஷா வாயைப் பொத்திக்கொண்டாள்.

தில்லைநாயகி திரையிலிருந்து கண்ணை எடுத்தார். கடிகாரத்தில் மூன்று நிமிடம் இருந்தது.

"சேர்மக்கனியும் இன்ஜினியரும் தவிர, துப்பாக்கிய மேசைமேல வச்சிட்டு எல்லாரும் வெளிய போங்க. ஜெயிலர், நீங்களும்தான்," என்றார்.

போனார்கள். மகுடேஸ்வரன்கூட ஒரு கணம் நின்றுவிட்டு, துப்பாக்கியை வைத்துவிட்டுப் போனார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. மதியமும் அவர்கள் இப்படித்தான் கேட்காமல் போனார்கள். தில்லைநாயகி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதார்.

சேர்மக்கனி எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தார். எழுதியிருந்த அரை வரியை அடித்தார். அதற்குக் கீழே, 'கலந்துபேச நான்கு மணி நேரம் அவகாசம் இருந்தது' என்று எழுதினார். பொன்னிலிங்கத்தின் பெயரை எழுதி, சுட்டவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார். எழுத்து கோணிப்போனது. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவருடைய கையெழுத்து அசிங்கமாக இருந்தது.

பிறகு ஆயிஷாவிடம் போனார். "மத்தியானம் ஒண்ணு சொன்னியேம்மா, கைரேக வைக்கணும்னு. எங்க வைக்கணும்?"

அவள் ஒரு கண்ணாடிப் பலகையை நகர்த்தினாள். அவர் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். திரையில் அந்த வாக்கியங்கள் ஒவ்வொன்றாக அழிந்துகொண்டே போயின. அறிக்கைகள் சரசரவென்று விழுந்தன. பெரிய கேட்டுக்கு வெளியே பெண்குரல் ஒன்று மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அது யாருடைய குரல் என்று அவருக்குத் தெரியும். போக வேண்டும், போய்ச் சொல்ல வேண்டும்.

சேர்மக்கனி சுவர்க் கடிகாரத்தையும் விளக்கையும் மாறி மாறிப் பார்த்தார். விளக்கு சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு வந்தது. மஞ்சளிலிருந்து பச்சையானது.

மத்தியானம் ஆயிஷா சொன்ன இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.